கேட்காமல் உட்காருதல்

எனக்கு ஓர் இடத்தில் உட்கார வராது. பூசையில்கூடக் கால் ஆடிக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்டவளிடம்தான் தவக்காலத் தியானம் நடத்த வந்த சிஸ்டர் சொன்னார்: "கறியை விடுறது நமக்கு ஒரு ஒறுத்தலா? மீனைத் தின்னுட்டுப் போயிருவோம். இந்த வருசம் கேக்குறதை விட்டுப் பாருங்க. தெனமும் கொஞ்ச நேரம் ஆண்டவர் முன்னால எதையும் கேக்காம சும்மா உக்காருங்க."

தங்கச்சிமடத்தில் கடலுக்குப் போகிறவன் பெண்டாட்டியிடம் சொல்லக்கூடிய பேச்சா இது? என் செபமே கேட்பதுதான். வீட்டுக்காரர் விசைப்படகில் போனால் மறுநாள் காலைதான் திரும்புவார். அதுவரை காற்று அடங்க வேண்டும் என்பேன், இலங்கை ரோந்துக் கப்பல் கண்ணில் படக்கூடாது என்பேன், கடைசியாகத்தான் மீனைக் கேட்பேன்.

ஆனாலும் ரோஷம் வந்துவிட்டது. முயன்று பார்த்தேன். படகு கடலில் இருக்கும் நாளில் கண்ணை மூடினால் வாய் தானாகக் கெஞ்சத் தொடங்கிவிடும். அதனால் ஒரு தந்திரம் செய்தேன். படகு கரையில் கிடக்கும் நாட்களில் மட்டும் உட்கார்ந்தேன். அமைதியாகத்தான் இருந்தது. அந்த அமைதியில் நான் நினைத்ததெல்லாம் மாவு புளித்திருக்குமா, கேஸ் எப்போது வரும் என்பதுதான். கேட்க ஒன்றும் இல்லாவிட்டால் ஆண்டவரிடம் எனக்குப் பேச்சே இல்லை. இத்தனை வருடம் விசுவாசம் என்று நான் வைத்திருந்தது வெறும் பயம்தானா? அந்தக் கேள்வி என்னைத் தூங்க விடவில்லை.

இதை வீட்டுக்காரர் வேறு கண்டுபிடித்துவிட்டார். "நான் கடல்ல கெடந்தாத்தான் ஒனக்கு ஆண்டவர் வேணும். கரையில இருந்தா அவருக்கும் லீவு விட்டுருவ போல" என்றார். சுருக்கென்றது.

அடுத்த முறை அவர் கடலுக்குப் போனார். மறுநாள் காலை மற்றப் படகுகள் எல்லாம் வந்துவிட்டன, அவருடையது வரவில்லை. போனும் போகவில்லை. அன்றைக்குத்தான் வீம்பாகப் பீடத்தின் முன்னால் போய் உட்கார்ந்தேன். எழுந்தேன், வாசலைப் பார்த்தேன், மறுபடி உட்கார்ந்தேன். வாய் வரை வந்ததை விழுங்கினேன். கடைசியில் கோபம்தான் வந்தது. "கேக்க மாட்டேன். நான் கேட்டாத்தான் உமக்குத் தெரியுமா?" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். மனசில் இருப்பதை ஒளிக்காமல் ஆண்டவரிடம் நான் பேசியது அன்றைக்குத்தான். பயம் மட்டும் போகவில்லை.

மத்தியானம் வந்து சேர்ந்தார். இன்ஜின் நின்றுபோய், வேறொரு படகு கயிறு கட்டி இழுத்து வந்திருக்கிறது. சோறு போட்டேன்.

"நல்லாச் செபம் பண்ணியிருப்ப. அதான் கரை சேந்துட்டோம்."

"இல்ல. ஒண்ணுமே கேக்கல" என்றேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன்.

சிரித்தார். ஒரு வாய் அள்ளிப் போட்டார். பிறகு கையைச் சோற்றிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நெசமாவே எனக்காக ஒண்ணும் கேக்கலையா?"

அந்தக் குரலில் இருந்த பயம் எனக்கு நன்றாகத் தெரிந்த பயம். அது அவரிடமும் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.