கலங்கரை விளக்கத்தில் இருபது நிமிடம்

வேன் ஸ்டாண்டில் அவருக்கு 'இருபது நிமிஷம்' என்றுதான் பெயர். அந்தக் கடற்கரை நகரத்தைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களை ஒரே நாளில் ஏழு இடங்களுக்கு அழைத்துப் போவது அவர் வேலை. ஓர் இடத்துக்கு இருபது நிமிடம். முடிந்ததும் மூன்று முறை ஹாரன் அடிப்பார். கோட்டையில் நின்றாலும் குகைக்குள் இருந்தாலும் போட்டது போட்டபடி ஓடி வந்துவிட வேண்டும். "இவன் மாமியார் வீட்டுக்குப் போனாகூட இருபது நிமிஷத்துல எழுந்துடுவான்" என்று மற்ற டிரைவர்கள் கிண்டல் செய்வார்கள்.

அந்த ஹாரன் வீட்டுக்கும் பழக்கம். மாலையில் தெருமுனையில் மூன்று முறை கேட்டால், அவர் மனைவி கைவேலையை விட்டுவிட்டு வந்து கேட்டைத் திறப்பாள். பத்தொன்பது வருடமாக அப்படித்தான்.

அந்தப் பத்தொன்பது வருடத்தில் அவள் வாய்விட்டுக் கேட்டது ஒன்றுதான். கலங்கரை விளக்கத்தின் உச்சியில் நின்று கடலைப் பார்க்க வேண்டும். அங்கிருந்து பார்த்தால் கடல் மூன்று நிறமாகத் தெரியும் என்று அவர்தான் பயணிகளிடம் சொல்வார். உண்மையில் அவரே ஏறியதில்லை. வண்டியை விட்டு நகர முடியாது. முன்பு அந்த வேனை ஓட்டியவர் சொன்னதைத்தான் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தார்.

"சீட் காலியா இருக்கிற அன்னைக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று அவளிடம் சொல்வார். காலியாக இருந்த நாட்களெல்லாம் மழை நாட்கள். அப்போது விளக்கத்தைப் பூட்டிவிடுவார்கள்.

இதற்குள் அவளுடைய மூட்டு தேய்ந்துவிட்டது. பிறகு ஓர் அறிவிப்பு வந்தது. சுவரில் விரிசலாம். திங்கட்கிழமை முதல் யாரையும் ஏறவிடமாட்டார்கள். மறுபடி திறக்க இரண்டு வருடமாவது ஆகும். ஞாயிற்றுக்கிழமை ஒரு சீட்டை அவரே காலியாக வைத்துக்கொண்டார்.

"கால் தாங்குமா?"

"நீங்க முதல்ல சொன்னப்பவே கூட்டிட்டு வந்திருந்தா ஓடியே ஏறியிருப்பேன். இப்ப உக்காந்து உக்காந்து ஏறறேன்."

விளக்கத்தின் கீழே வேனை நிறுத்தினார். "இருபது நிமிஷம். எல்லாரும் வந்துடணும்" என்றார், வழக்கம் போல. பயணிகள் முண்டியடித்து ஏறினார்கள். கடைசியாக அவள், சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து. ஹாரன் உனக்கு இல்லை, மெதுவா வா என்று அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

அவர் டயரைத் தட்டிப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்தார். கடிகாரத்தைப் பார்த்தார். கை தானாகப் போய் மூன்று முறை அழுத்திவிட்டது. அழுத்திய பிறகுதான் அவள் இன்னும் ஏறிக்கொண்டிருப்பாள் என்று உறைத்தது.

பயணிகள் இறங்கி வந்தார்கள். தொப்பி போட்ட ஒருவர், "என்ன டிரைவர், மூணு நிறம்னு சொன்னீங்க? ஒரே சாம்பல்தான். கண் டாக்டரைப் பாருங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

அவள் கடைசியாக வந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை.

"பார்த்தியா?"

"பார்த்தேங்க. நீங்க சொன்ன மாதிரியேதான். மூணு நிறம்."

தொப்பிக்காரர் அவளைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

"பாதியிலயே திரும்பிட்டியா?" டிரைவரின் குரல் தாழ்ந்தது.

"ஹாரன் அடிச்சீங்களே. அத்தனை பேரு எனக்காகக் காத்திருக்கணுமா?"

"இப்ப போ. எவ்வளவு நேரமானாலும் நான் நிறுத்தி வைக்கிறேன்."

"இந்தக் கால் இன்னொரு தடவை ஏறாதுங்க. வண்டியை எடுங்க."

அடுத்த இடம் படகுத்துறை. பயணிகள் இறங்கிப் போனார்கள். இருபது நிமிடம் ஆனது, முப்பதும் ஆனது. அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். கூப்பிடாமலேயே ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள்.

"ஹாரன் ரிப்பேரா டிரைவர்?" என்று ஒருவர் கேட்டார்.

அவர் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். பின் சீட்டில் அவள் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தாள். படகுத்துறையில் வேனை நிறுத்தியதிலிருந்து அவள் இறங்கவே இல்லை.