புருவத்துக்குக் கீழே எதுவும் இல்லை

விச்சென்சா நகரின் பெரிய சதுக்கத்தில் எர்மெஸ் தால் சாந்தோ பேப்பர் கடை வைத்து முப்பத்தோரு வருடமாகிறது. கடைக் கதவைத் திறந்தால் எதிரே அந்தக் காலத்துக் கட்டடக் கலைஞர் பல்லாடியோவின் வெள்ளை மாளிகை. அடுக்கடுக்காய் வளைவுகள், மேலே கவிழ்த்துப்போட்ட கப்பல் மாதிரி பச்சைச் செப்புக் கூரை. அதைப் படம் பிடிக்க வருகிறவர்கள், தங்களையும் சேர்த்துப் பிடித்துத் தர ஓர் ஆளைத் தேடுவார்கள். சதுக்கத்தில் சும்மா இருக்கிற ஒரே ஆள் எர்மெஸ்தான். பேப்பர் வாங்க இப்போதெல்லாம் யார் வருகிறார்கள்?

அவர்கள் நீட்டும் ஃபோனை அவர் பயபக்தியோடுதான் பிடிப்பார். கொடுத்தவர்கள் நன்றி சொல்லிவிட்டு ரயிலேறிய பிறகே படத்தைப் பார்ப்பார்கள். மாளிகை ஓர் அங்குலம் குறையாமல் நிற்கும். அதன் அடியில் வரிசையாக நாலைந்து முன்னெற்றிகள் இருக்கும். புருவத்துக்குக் கீழே எதுவும் இருக்காது.

"மனுசங்களையும் எடுக்கணும்யா," என்று பக்கத்துக் காபிக் கடை நீவெஸ் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டாள்.

"அது நானூறு வருஷமா அசையாம நிக்குது. இவங்க அஞ்சு நிமிஷம் ஆடாம நிப்பாங்களா? கூரையை வெட்ட எனக்குக் கை வராது தாயி."

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, பாதோவா ஊர்க்காரன் லோரிஸ் கடைக்குள் தலையை நீட்டி ரகசியம் சொன்னான். சைக்கிள் பழுது பார்க்கிறவன், நகக்கண்ணில் கிரீஸ்.

"பெரியவரே, அங்க நிக்கிறாளே கத்யூஷா, அவகிட்ட இன்னிக்குக் கல்யாணம் கேக்கப்போறேன். மண்டி போட்டு மோதிரத்தை நீட்டுவேன். அவ சரின்னு சொல்றது மட்டும் படத்துல விட்டுப்போயிடக் கூடாது."

"நீ போய் மண்டி போடு. மத்ததை நான் பார்த்துக்கறேன்."

பதினோரு படம் எடுத்தார். அவள் சரி என்றாள், அழுதாள், எர்மெஸுக்கும் கண் கலங்கியது.

அடுத்த சனிக்கிழமை கத்யூஷா நேராகக் கடை முன்னால் வந்து நின்றாள். லோரிஸ் நாலடி பின்னால் நின்றான்.

"இதைக் கொஞ்சம் பாருங்க."

எர்மெஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். "வளைவுல வெளிச்சம் நல்லா விழுந்திருக்கே."

"இவன் எங்க?"

மண்டி போட்டவன் பதினொன்றில் ஒன்றில்கூட இல்லை. கத்யூஷாவின் நெற்றி மட்டும் யாருமற்ற சதுக்கத்தில் தனியாக நெகிழ்ந்துகொண்டிருந்தது.

"எங்கம்மா கேக்குறாங்க, யார்கூடடி பேசிட்டிருக்கேன்னு. உங்க ஊர்க்காரங்க பூனையைத் தின்னுவாங்கன்னு எங்க ஊர்ல சொல்வாங்க. என்னையும் மண்டையை மட்டும் மிச்சம் வச்சுத் தின்னுட்டீங்களே ஐயா."

காபிக் கடைக்குள் நீவெஸ் சிரித்த சிரிப்பில் கரண்டி ஒன்று கீழே விழுந்தது.

எர்மெஸுக்கு முகம் சுண்டிப்போயிற்று. "மறுபடி எடுப்போம்மா. நின்னு நிதானமா எடுக்கறேன்."

"போன வாரம் மண்டி போட்டதுக்கே முட்டி இன்னும் வலிக்குது," என்றான் லோரிஸ்.

"போடுடா," என்றாள் கத்யூஷா.

போட்டான். எர்மெஸ் ஃபோனைக் கீழே இறக்கினார், கூரை போயிற்று. மேலே தூக்கினார், மாப்பிள்ளை போனான். பின்னால் நகர அவருடைய கடையே வழிவிடவில்லை. தூறல் வேறு பிடித்துக்கொண்டது.

"யோவ், படுத்துக்கிட்டு எடுய்யா," என்று நீவெஸ் கத்தினாள்.

அவருக்கு அது முப்பத்தோரு வருடத்தில் தோன்றவே இல்லை. அன்றைய பேப்பரை நனைந்த கல்லில் விரித்து மல்லாந்தார். அங்கிருந்து பார்த்தால் எல்லாம் இருந்தது. கூரை, வளைவு, பெண், மோதிரம், லோரிஸின் முட்டிவரை. மூச்சைப் பிடித்து ஒரே ஒரு படம் எடுத்தார்.

பிறகு எழுந்திருக்கப் பார்த்தார். இடுப்பு பிடித்துக்கொண்டது.

"என்னால முடியல."

"என்னாலயும்தான்," என்றான் லோரிஸ். முட்டி பூட்டிக்கொண்டிருந்தது.

குடை பிடித்து வந்த ஜெர்மன்காரர் கூட்டம் ஒன்று, கிடக்கிறவர் போய்ச் சேர்ந்துவிட்டார், மண்டியிட்டவன் ஜெபம் செய்கிறான் என்று முடிவுகட்டித் தொப்பியைக் கழற்றியது. ஒருவர் மட்டும் படம் எடுத்தார்.

"ரெண்டு ஆம்பளைங்களை வச்சுக்கிட்டு நான் என்ன செய்யட்டும்," என்று கத்யூஷா வானத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து லோரிஸ் காதில், "சரி, சரி, கட்டிக்கறேன், எந்திரி," என்றாள்.

நீவெஸ் கிராப்பாச் சாராய பாட்டிலோடு ஓடிவந்தாள். ஆளுக்கு ஒரு மடக்கு ஊற்றி, அவளும் கத்யூஷாவுமாக இருவரையும் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினார்கள். எர்மெஸின் வெள்ளைச் சட்டை முதுகில் கால்பந்து முடிவு இடவலம் மாறி அச்சாகியிருந்தது. ஜெர்மன்காரர் ஒருவர் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "தோத்துட்டீங்களா?" என்று துக்கம் விசாரித்தார்.

ஜூனில் கல்யாணம். எர்மெஸ் கடையைச் சாத்திவிட்டு, இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு பாதோவாவுக்குப் போனார். பெண்ணின் அம்மா பந்தியில் தன் பக்கத்திலேயே அவருக்கு இடம் போட்டிருந்தாள். அந்த ஒரே படத்தில் மாப்பிள்ளை என்று ஒருவன் நிஜமாகவே இருந்ததில் அவளுக்கு அவ்வளவு நிம்மதி.