கம்பத்திலிருந்து தலைமன்னார் வழியாக ஒரு வாத்தியார் வேலைக்கு

போன பங்குனியோடு எங்கள் பெண்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்பை எடுத்துவிட்டார்கள். பிள்ளைகள் போதவில்லையாம். வகுப்போடு சேர்த்து அதற்குப் பாடம் நடத்திய என்னையும் எடுத்துவிட்டார்கள். தேனியிலும் போடியிலும் கேட்டுப் பார்த்தேன். இருக்கிறவர்களுக்கே சம்பளம் இழுபறி என்றார்கள். இலங்கையில் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிகளுக்கு ஆள் தேடுகிறார்கள் என்று அட்டன் பக்கம் இருக்கும் என் சித்தி மகள் சொல்லியனுப்பினாள். வேலை உறுதியில்லை. ஆனாலும் ஆனி மாதம் கிளம்பிவிட்டேன். கம்பத்தில் துணிக்கடை வேலையை விட்டுவிட்டு என் வீட்டுக்காரரும் கூடவே புறப்பட்டார். "பொண்டாட்டி சம்பாத்தியத்துக்குக் கடல் தாண்டப் போறானாக்கும்!" என்றார் மாமியார். அதற்கப்புறம் எங்களோடு பேசவேயில்லை.

கம்பத்திலிருந்து தேனிக்கு இருபத்தைந்து மைல். விடிந்ததும் ஒரு மோட்டார் புறப்படும். முன்னால் உட்கார்ந்தால் புழுதி குறைவு, டிரைவரின் விசாரணை அதிகம்.

"சிலோனுக்கா அண்ணே? என்ன வேலைக்கு?"

"வேலை எனக்கில்லப்பா. இந்தா, அவுகளுக்கு. நான் பெட்டி தூக்க வாரேன்."

வண்டியே சிரித்தது. சின்னமனூர் வரும்வரை நான் வெளியே வயலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தேனியிலிருந்து மதுரைக்கு ரயிலில் நாற்பத்தேழு மைல். ஆண்டிபட்டிக் கணவாயில் வண்டி மூச்சு வாங்கும். கட்டுச்சோற்றைப் பிரிக்க அதுதான் நல்ல இடம். மதுரையில் வண்டி மாறி மண்டபம் போனோம். மூன்றாம் வகுப்பில் போகிறவர்களை அங்கே முகாமில் ஆறு நாள் நிறுத்திவைக்கிறார்கள். அம்மை குத்துவார்கள், துணிகளை ஆவியில் அவிப்பார்கள். பட்டுப்புடவை கொண்டுபோகாதீர்கள். என் கல்யாணப் புடவை கசங்கிச் சுருங்கி வெளியே வந்தது.

தோட்டத்துக்கு ஆள் சேர்த்துக் கூட்டிப்போகும் கங்காணி ஒருவர் அங்கே இருந்தார். கோம்பைக்காரர், நல்ல மனிதர். எங்கள் பேச்சைக் கேட்டதும் ஊர்க்காரர்கள் என்று வந்து உட்கார்ந்தார்.

"ஏத்தா, உறுதியில்லாமப் போயி அங்கன எந்தத் தொரை வாசல்ல நிப்பீக? எங்கூட வாங்க. தம்பி கணக்கு எழுதட்டும், நீ கொழுந்து பறி. கூலியாளுக லயத்துல ஒரு வீடு தருவாக."

எனக்குப் பயம். வேலை கிடைக்காமல் திரும்பினால் மாமியார் முகத்தில் எப்படி விழிப்பது? சரியென்று தலையாட்டிவிட்டேன்.

"கோவிச்சுக்கிராதீக அண்ணே," என்றார் என் வீட்டுக்காரர். "இவுக பள்ளிக்கூட வேலைக்குத்தான் வந்தாக. அது கெடைக்குதான்னு மொதல்ல பாத்துக்கிர்றோம்."

கங்காணி போனதும் நான் பிடித்துக்கொண்டேன். "வந்த வேலைய வேணாங்கிறதுக்கு நீங்க யாரு?"

"நீ பயந்துல்ல தலையாட்டுன? பயம் போன பொறகும் கொழுந்து பறிக்கணும்னு தோணுச்சுன்னா சொல்லு. நானே போயிக் கேக்குறேன்."

தோன்றவில்லை. முகாமை விட்டுக் கிளம்பும்வரை கங்காணி தினமும் வந்து பேசிக்கொண்டுதான் இருந்தார். நான் வேறு கதை பேசினேன்.

தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பலில் இரண்டு மணி நேரம். வெறும் வயிற்றோடு ஏறாதீர்கள். பொல்காவெலையில் ரயில் மாறி அட்டன் போய்ச் சேர்ந்தபோது குளிரில் பல் கிட்டியது. சித்தி மகள் தன் தோட்டத்துத் துரையிடம் எங்களைக் கூட்டிப்போனாள். அவர் ஒரு கொட்டகையில் முப்பது பிள்ளைகளைக் காட்டி, பாடம் நடத்தச் சொல்லிவிட்டு வாசலிலேயே நின்றார். முதலில் தடுமாறினேன். ஒரு வாண்டு சிலேட்டை எச்சில் தொட்டு அழித்ததும் எனக்குள் பழைய வாத்தியார் திரும்பி வந்துவிட்டாள், அவனை அதட்டினேன். துரை சிரித்துவிட்டு, நாளை முதல் வரச் சொன்னார். வெளியே வந்து அழுதேன். அத்தனை சந்தோஷம்.

இதோ, வந்து ஆறு மாதமாகிறது. என் வீட்டுக்காரர் தோட்டத்துக் கடையில் அரிசி நிறுக்கிறார். மத்தியானம் என் பிள்ளைகளுக்குக் கதையும் சொல்கிறார். புறப்படுகிறவர்களுக்குச் சொல்கிறேன்: கம்பளி இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். சொந்தக்காரர் ஒருவராவது அக்கரையில் இருந்தால் நல்லது. பயத்தில் தலையாட்டப் போகும்போது பிடித்து நிறுத்த ஓர் ஆள் கட்டாயம் வேண்டும். என்னுடையவரைக் கேட்காதீர்கள், தரமாட்டேன்.