ஆட்டுமந்தையும் அரை மூட்டை பிளீச்சிங் பவுடரும்

எங்கள் போட்டோ கிளப்பைப் பற்றிக் கோபப்படாமல் எழுத வேண்டும் என்று மூன்று முறை உட்கார்ந்து பார்த்தேன். முடியவில்லை. கோபத்தோடே எழுதுகிறேன். டாக்டர் பிரஷர் மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார், பார்ப்போம்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதுரை பைபாஸ் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் கூடுவோம். முகூர்த்தம் விழுந்தால் அந்த மாதம் கலைக்கு விடுமுறை. மண்டபத்துக்காரர்தான் கிளப்புக்குத் தலைவர். மண்டபம் அவருடையது, புரொஜெக்டர் அவருடையது, டீ அவருடையது. ஆகவே ரசனையும் அவருடையதே. நான் சேர்ந்தது ஐம்பதைத் தாண்டிய பிறகு. அந்த வயதில் ஆண்களுக்குச் சர்க்கரை வரும், இல்லாவிட்டால் ஆன்மிகம் வரும். எனக்குக் கேமரா வந்தது. சர்க்கரையும் பின்னாலேயே வந்து சேர்ந்தது.

ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு பேச்சாளர் உண்டு. அவர் வெளியூர்க்காரராக இருக்க வேண்டும். வெளிச்சம் என்றால் என்னவென்று தெரிந்தவன் மதுரையில் எவனும் இல்லை என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடே கிடையாது. உடம்பெல்லாம் பை வைத்துத் தைத்த கையில்லாச் சட்டையில் வருவார்கள். எளிமையைப் பற்றிப் பேச வந்த ஒருவர், தன்னிடம் இருக்கும் லென்ஸ்களின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் டீ வந்துவிட்டது. இன்னொருவர் ஒரே மீன்கொத்தியை மத்தியானம் வரைக்கும் காட்டினார். மீன்கொத்தியே எழுந்து போயிருக்கும். நாங்கள் உட்கார்ந்திருந்தோம், பிரியாணி ஏற்பாடாகியிருந்தது.

போன கோடையில் வந்தவர் தூசியைப் பற்றிப் பேசினார்.

"தூசி இல்லேன்னா வெளிச்சத்துக்கு ஒடம்பே கிடையாது" என்றார். திரையில் ஒரு ஆலமரம். விழுதுகளுக்கு நடுவே சூரியக் கதிர் ஈட்டி ஈட்டியாக இறங்குகிறது. கீழே தூசிப் படலத்தில் ஆட்டுமந்தை, பின்னால் தலையில் சிவப்புத் துணியோடு ஒரு பெண். நீங்களும் பார்த்திருப்பீர்கள். வங்கிக் காலண்டர்களில் ஆறு மாதத்துக்காவது இந்த ஆடுகள்தான் நடந்துகொண்டிருக்கும். காலண்டரில் தெரியாத சங்கதி, அந்த ஆடுகளுக்கு முதல் நாளே போன் போய்விடும் என்பது. இந்த மரம், இத்தனை மணி, சிவப்புத் துணி நாங்களே கொண்டுவருவோம். இதற்குக் கிளப்பில் பெயர் 'நேச்சுரல்'.

பேச்சு முடிந்ததும் எங்கள் ஆட்களுக்குத் தூசி வெறி பிடித்துவிட்டது. தலைவர் உசிலம்பட்டிக்கு இந்தப் பக்கம் ஒரு கண்மாய்க் கரையில் ஆலமரத்தையும், அதைச் சுற்றி ஆடு மேய்க்கிற ஒரு அம்மாவையும் பிடித்துவிட்டார். அடுத்த ஞாயிறு விடியலில் ஐந்து காரில் போய் இறங்கினோம்.

அந்த அம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு, இடுப்பில் போன். செம்மறிகளை மரத்தடியில் நிறுத்தி வைத்திருந்தார். முன்னால் ஒரு கிடா, தனியாக, கழுத்தில் மஞ்சள் கயிறு.

"இவன் மட்டும் என்ன ஸ்பெஷல்?" என்று கேட்டேன்.

"பொலிகிடாண்ணே, சினைக்கு விடுறது. கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு மந்தைக்குக் கேட்டிருக்காக. வர்ற மாசம் மாப்ள பாக்க வாராக." கிடாவின் தாடையைச் சொறிந்துவிட்டார். "ரெண்டு வருசமா வளத்தேன். இவன் போற எடத்துல நல்ல பேரு வாங்கிட்டான்னா, அடுத்தடுத்து எங்கிட்டதான் கேட்டு வருவாக."

தலைவர் குறுக்கே வந்தார். "எம்மா, அந்தச் சட்டையக் கழட்டிட்டு இந்தச் செவப்புத் துணியப் போட்டுக்க. நேச்சுரலா இருக்கட்டும்."

"சட்டையக் கழட்டுனா முள்ளு கீறும். ஒங்க படத்துக்கு நான் கீறல் வாங்கணுமாக்கும்?"

துணியை மட்டும் தலையில் போட்டுக்கொண்டார். சட்டை தங்கியது. அன்று காலை எங்கள் கிளப்புக்குக் கிடைத்த முதல் தோல்வி அது. இரண்டாவது, முந்தின ராத்திரி அங்கே மழை பெய்திருந்தது. ஆடுகளை இப்படி ஓட்டச் சொன்னோம், அப்படி ஓட்டச் சொன்னோம். தூசி எழும்பவே இல்லை. செம்மண் நனைந்து சமத்தாகக் கிடந்தது. சூரியன் ஏறிக்கொண்டிருந்தது.

தலைவர் அசரவில்லை. கார் டிக்கியைத் திறந்து அரை மூட்டை வெள்ளைத் தூளை இறக்கினார்.

"மண்டபத்துல சாக்கடை ஓரம் போடுறது. முன்யோசனையா எடுத்தாந்தேன்."

கிளப்பின் நட்சத்திரமான பல் டாக்டர் மூக்கைப் பொத்தினார். "அண்ணே, பிளீச்சிங் பவுடர்ல? நாத்தம் அடிக்குதே."

"போட்டோல நாத்தம் தெரியாது மாப்ள."

எல்லோரும் சிரித்தார்கள். நான் அப்போது தரையோடு தரையாகக் குப்புறப் படுத்திருந்தேன். தாழ்ந்த கோணத்தில் எடுத்தால் ஆடு கம்பீரமாகத் தெரியும் என்று ஏதோ ஒரு பேச்சாளர் சொல்லியிருந்தார். என் வயிற்றோடு படுப்பது சுலபம், எழுவதற்கு ஆள் வேண்டும். ஆகவே 'வேண்டாம்யா' என்று நான் சொன்னது புல்லுக்குத்தான் கேட்டிருக்கும்.

தலைவர் இரண்டு கையாலும் அள்ளி வீசினார். மரத்தடி பாற்கடல் ஆயிற்று. கதிர்கள் இறங்கின. உடம்பு வந்துவிட்டது வெளிச்சத்துக்கு. "ஓட்டும்மா, ஓட்டு!" என்று கத்தினார்கள். ஆடுகள் அதற்குள் வந்தன. காற்று திரும்பியது.

என் கண்ணில் யாரோ மிளகாயைத் தேய்த்த மாதிரி இருந்தது. ஆடுகள் இருமிக்கொண்டு சிதறின. கிடா முன்னால் வந்ததால் முழு வீச்சும் அதன் முகத்தில். தலையைத் தரையில் போட்டுத் தேய்த்தது. அந்த அம்மா ஒரு கையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

"அடேய், நிப்பாட்டுங்கடா! நாசமாப் போறவய்ங்களா, கண்ணு போச்சுடா!"

அந்த நேரத்தில் என் காதில் விழுந்த இன்னொரு சத்தம் கேமராக்களுடையது. படபடபடவென்று, தகரத்தில் ஆலங்கட்டி விழுகிற மாதிரி. ஒருவரும் நிறுத்தவில்லை. அப்புறம் எல்லோரும் ஓடினார்கள். உதவிக்கு என்று நினைத்தேன். காருக்கு ஓடியிருக்கிறார்கள், லென்ஸ் துடைக்க.

அந்த அம்மா குடிக்க வைத்திருந்த கேன் தண்ணீரைக் கிடாவின் கண்ணில் ஊற்றினார். மீதியை என் முகத்தில் ஊற்றினார். "நீயெல்லாம் படிச்ச ஆளு" என்று சொல்லிக்கொண்டே ஊற்றினார். 'அண்ணே' போய்விட்டது. போனது நியாயம்தான்.

எனக்கு என்ன, மதுரையில் இருக்கிறேன். ஒரு மணி நேரத்தில் கண் ஆஸ்பத்திரியில் குழாய் வைத்துக் கழுவிவிட்டார்கள். "பிளீச்சிங் பவுடர் எப்படி சார் கண்ல பட்டுச்சு?" என்று அந்தச் சின்ன வயசு டாக்டர் கேட்டார். கலைப்பணியில் என்றேன். எழுதிக்கொள்ளவில்லை.

கிடாவுக்கு யார் இருக்கிறார்கள்? கிளப்பின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன்: கால்நடை டாக்டரைக் கூட்டிக்கொண்டு நாம் எல்லோரும் போக வேண்டும், பொறுப்பு நம்முடையது. பதிலுக்கு எனக்குப் பூங்கொத்து வந்தது. சீக்கிரம் குணமாக வேண்டும் என்று கும்பிடும் கைகள் வந்தன. கிடாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதற்குக் கீழேயே ஒருவர் முந்தின நாள் எடுத்த படத்தைப் போட்டு, எல்லோரும் அதற்குக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். தலைவருக்குப் போன் போட்டால், "அண்ணே, ஆடு தானா சரியாயிரும். காட்டுல வளர்ற சீவன்" என்றார். அவர் மண்டபத்தில் ஏசி நின்றால் எலெக்ட்ரீஷியன் வீட்டுக் கதவை இடிக்கிற மனிதர்.

நானே போனேன். கறுப்புக் கண்ணாடியோடு நானும், ஈரத்துணி கட்டிய கண்ணோடு கிடாவும், நடுவில் அந்த அம்மாவுமாக அரசு கால்நடை மருந்தகத்தில் உட்கார்ந்திருந்தோம். யாரைக் காட்ட வந்திருக்கிறோம் என்று பக்கத்தில் கோழியோடு வந்தவருக்குச் சந்தேகம். டாக்டர் களிம்பு எழுதினார். வலது கண் பிழைக்கும், இடதுக்கு உத்தரவாதம் இல்லை என்றார். பத்து நாளில் இடது கண்ணில் பூ விழுந்துவிட்டது. வெள்ளை வெளேரென்று.

இந்த நிலைமையில் அடுத்த கூட்டம். அந்த மாதப் படங்களுக்குப் பரிசு கொடுக்க ஒரு பேச்சாளர் வந்திருந்தார். முதல் பரிசு பல் டாக்டருக்கு. திரையில் அந்த அம்மா, கையைத் தூக்கியபடி. வெள்ளைத் தூள் தங்க நிறமாகியிருந்தது. படத்துக்குப் பெயர் 'ஆசீர்வாதம்'.

"இந்தக் கையப் பாருங்க" என்றார் பேச்சாளர். "தன் மந்தைய வாழ்த்துற தாய். இத சொல்லிக்கொடுத்து வர வைக்க முடியாது."

"இடது மூலைல ஒரு ஆடு மொகத்தச் சுளிச்சுக்கிட்டு நின்னுச்சு சார்" என்றார் பல் டாக்டர் அடக்கத்தோடு. "கம்ப்யூட்டர்ல அத எடுத்துட்டேன்."

"பிரமாதம். பல்லப் பிடுங்குன மாதிரி, தடமே தெரியல."

எழுந்தேன். எழுந்த வேகத்தில் பிளாஸ்டிக் நாற்காலியும் இடுப்போடு ஒட்டிக்கொண்டு எழுந்தது. அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அந்தக் கை எதற்குத் தூக்கிய கை என்றும், அந்த வாய் அப்போது என்ன சொல்லிற்று என்றும், 'நாசமாப் போறவய்ங்களா' என்பதை விடாமல் சொன்னேன். மேடையில் சொல்லக் கூடாத இன்னும் சிலதை என் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

பேச்சாளர் புன்னகைத்தார். "படம் என்ன சொல்லுதுங்கறதுதான் முக்கியம். அந்தம்மா என்ன சொன்னாங்கங்கறது படத்துக்கு வெளியே."

"கிடாவோட கண்ணும் வெளியேதானாய்யா?"

"அண்ணே, ஒங்க கண்ணு சரியாயிருச்சுல்ல?" என்றார் தலைவர். "அப்பறம் என்ன. டீ ஆறுது."

ஆனாலும் என் பேச்சு வீண் போகவில்லை. கிளப் அன்றைக்கே ஏகமனதாகத் தீர்மானம் போட்டது: இனிமேல் டால்கம் பவுடர் மட்டும்தான். ரோஜா வாசனை இருந்தாலும் பரவாயில்லை. பலமாகக் கைதட்டினார்கள்.

இரண்டு நாள் கழித்து அந்த அம்மாவின் போன். 'அண்ணே' திரும்பி வந்திருந்தது, ஆனால் குரல் சரியில்லை.

"கொட்டாம்பட்டிக்காரரு வந்தாருண்ணே. கண்ணுக்கு முன்னாடி கைய ஆட்டிப் பாத்தாரு. பெறவிக் கோளாறா இருந்தா குட்டிகளுக்கும் வரும், வேணாம்னுட்டாரு. டாக்டரு சீட்டக் காட்டுனேன். சீட்டுல மருந்து பேருதான இருக்கு, கண்ணு எப்பிடிப் போச்சுன்னு இல்லையேங்குறாரு. நீங்க அம்புட்டுப் பேரும் படம் பிடிச்சீகல்ல? பவுடரு விழுகுறது அதுல இருக்கும்ல?"

பல் டாக்டரிடம் போனேன். கிளினிக்கில், வாயைத் திறந்தபடி ஒருவர் படுத்திருக்க, அவர் தலைக்கு மேலாகவே பேசினோம். ஆட்டை அழிப்பதற்கு முந்தைய படம் வேண்டும் என்றேன்.

"ஒரிஜினல யாருக்கும் குடுக்கறதில்ல சார். மாநிலப் போட்டிக்கு அனுப்பியிருக்கேன். வெளிய போனா சிக்கல்."

"ஒரு ஆட்டுக்கு வாழ்க்கை போகுது டாக்டர்."

"எனக்குப் புரியுது சார். ஆனா ரூல்ஸ்."

படுத்திருந்தவர் ஏதோ சொல்ல முயன்றார். வாயில் பஞ்சு. என் பக்கம்தான் பேசினார் என்று வைத்துக்கொள்கிறேன்.

தலைவரிடம் கேட்டேன், மற்றவர்களிடம் கேட்டேன். அழித்துவிட்டோம், கார்டு கெட்டுவிட்டது, ஹார்ட் டிஸ்க் மாப்ள வீட்டில் இருக்கிறது. இதற்குள், தலைவரின் கையில் மூட்டை இருக்கிற படம் எதுவும் உலகத்தில் இருக்கக் கூடாது என்று முடிவாகியிருந்தது என்பது எனக்குப் புரிய ஒரு நாள் ஆயிற்று. மறுநாள் என்னை வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கினார்கள். வழக்கமாக ஒருவரை நீக்கினால் 'நன்றி' போடுவார்கள். அதுவும் போடவில்லை.

அந்த ஆத்திரத்தில்தான் என் கேமராவை எடுத்தேன். கண் எரிந்ததிலிருந்து அதைத் தொடவே இல்லை. விற்றுவிடலாம் என்று உள்ளே இருப்பதைப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு கத்திய நேரத்தில் என் விரல் மட்டும் பொத்தானை விடாமல் அழுத்தியிருக்கிறது. முக்கால்வாசி புல். ஒன்றே ஒன்றில், பூமி சாய்ந்து, மரம் படுத்து, நடுவில் கிடாவின் முகம். மூக்கு முதல் கொம்பு வரை வெள்ளைப் பொடி, கண்கள் இறுக மூடி. பின்னால் தலைவர், மூட்டையில் கையை விட்டபடி, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு. எந்தப் பேச்சாளர் பார்த்தாலும் கேமராவைப் பிடுங்கிவிடுவார், அவ்வளவு மோசமான படம். அப்படியே அந்த அம்மாவுக்கு அனுப்பினேன்.

கொட்டாம்பட்டிக்காரர் மறுபடி வந்த அன்று நானும் போயிருந்தேன். அந்த அம்மாவின் போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். கிடாவைப் பார்த்தார். மறுபடி படத்தை.

"இந்தச் சிரிக்கிற ஆளு யாரு?"

"மண்டபம் வச்சிருக்காரு" என்றேன்.

"அங்க கல்யாணம் வச்சிறக் கூடாது" என்றவர், குட்டியானை வண்டியின் பின்கதவை இறக்கினார்.

கிடா ஏற மறுத்தது. தெரியாத பக்கத்திலிருந்து தொட்டால் துள்ளியது. அந்த அம்மா வலது பக்கம் போய், காதில் ஏதோ சொல்லி, ஏற்றிவிட்டார். கதவைச் சாத்தப் போனவரைத் தடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"என்னண்ணே சும்மா நிக்கிறீக? இவன ஒரு படம் பிடிங்க. அந்தக் கண்ணு நல்லாத் தெரியிற மாதிரி, பாத்துத்தான் ஏத்துனாருன்னு இருக்கட்டும். நாளைக்கு அங்க எவனாச்சும் குருட்டுக் கிடாவத் தள்ளிவிட்டுட்டான்னு எம் பேரச் சொல்லுவான்."

கழுத்தில் கேமரா தொங்க, வண்டியில் கையூன்றி ஏறினேன். கிடா என்னைப் பார்த்ததும் பின்வாங்கியது. அதற்குக் கேமரா என்றால் என்னவென்று தெரிந்திருந்தது.