அட்டைப் பெட்டிக்குள் போன புத்தகங்கள்

கிள்ளானில் ஒரு கடைவீட்டு மாடியில், சனிக்கிழமைதோறும் இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். இடத்தைத் தந்தது ஒரு சங்கம். வகுப்பில் ஒரு நூல் அலமாரி வைக்கலாமா என்று நான் கேட்டதும் சங்கத் தலைவர் மகிழ்ந்துபோனார். விடியலில் பதிகம் ஓதாமல் தண்ணீரும் பருகாதவள் நான். அப்படிப்பட்டவளின் அலமாரியில் பக்தி நூல்களையும் நீதிக் கதைகளையும் தவிர வேறென்ன இருந்துவிடப் போகிறது என்று அவர் எண்ணியிருக்க வேண்டும்.

தொடக்கத்தில் அவைதாம் இருந்தன. முதல் வாரமே, படிவம் நான்கில் பயிலும் கத்தோலிக்கப் பெண் ஒருத்தி எல்லா நூல்களையும் புரட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"டீச்சர், எங்க வீடு மாதிரி ஒரு வீடு இதுல எங்கயாச்சும் இருக்கா?"

இருக்கவில்லை. அடுத்த நாளே கொமுட்டர் ரயில் ஏறி, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் உள்ள தமிழ்ப் புத்தகக் கடைக்குப் போனேன். கடைக்காரர் என் நெற்றியின் திருநீற்றைப் பார்த்ததும் தோத்திரப் புத்தகங்களை எடுத்து முன்னால் வைத்தார். எனக்குப் பதின்ம வயதினர் படிக்கும் கதைகள் வேண்டும், காதல் இருந்தாலும் பரவாயில்லை என்றேன். "ஆன்டி, நீங்களா படிக்கப் போறீங்க?" என்று அவர் சிரித்தார். எல்லாவற்றையும் நான் படித்த பிறகுதான் பிள்ளைகள் படிப்பார்கள் என்றேன்.

அப்படியே செய்தேன். ரயில்வே குடியிருப்பில் ஞாயிறு பூசைக்குக் கிளம்பும் குடும்பம், முக்காடு அணிந்து பந்து விளையாடும் தமிழ்ப் பெண், தமிழ்நாட்டிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்து உணவகத்தில் பாத்திரம் கழுவும் இளைஞன், பெற்றோர் பிரிந்துபோன வீட்டில் வளரும் பையன் என்று எல்லாரும் அலமாரிக்கு வந்து சேர்ந்தார்கள். பதிகங்களும் அவர்களுக்கு நடுவில் இருந்தன.

சில மாதங்களில் தலைவர் ஓர் அட்டைப் பெட்டியுடன் மாடியேறி வந்தார். பிள்ளைகள் எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர் அலமாரியிலிருந்து ஒவ்வொன்றாக உருவிப் பெட்டியில் போட்டார்.

"பேரன்ட்ஸ் கம்ப்ளேன் பண்றாங்க லா, டீச்சர். காலையில பதிகம் பாடுற வாய், இதையா படிக்கச் சொல்லுது?"

பதிகம் பாடுவதால்தான் சொல்கிறேன் என்றேன். நான் வணங்கும் அடியார்களில் வேடன் உண்டு, மீனவன் உண்டு, துணி வெளுத்தவன் உண்டு. காதலில் தாய் சொல்லைக் கேளாத பெண்ணின் குரலில் இறைவனைப் பாடிய மரபு நம்முடையது. கோயிலுக்குள் அவர்களைக் கும்பிட்டுவிட்டு வகுப்பறையில் கதவைச் சாத்தச் சொன்னால் அதற்கு நான் ஆள் இல்லை. இவ்வளவும் சொன்னேன். அவர் கை நிற்கவில்லை. அந்தக் கத்தோலிக்கப் பெண் எழுதுவதை விட்டுவிட்டுப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பாதி படித்திருந்த ரயில்வே வீட்டுக் கதையும் அதற்குள் போயிருந்தது.

நிரம்பிய பெட்டியைத் தரையில் வைத்துவிட்டுத் தலைவர் நிமிர்ந்தார். திரும்பும்போது கால் பெட்டியில் இடறியது. மேலே கிடந்த புத்தகம் சரிந்து அவர் பாதத்தின் மேல் விழுந்தது. அவர் சட்டென்று குனிந்தார். புத்தகத்தைத் தொட்டு, விரல்களைக் கண்களில் ஒற்றிக்கொண்டார். புத்தகத்தின் மீது கால் பட்டுவிட்டால் நம்மில் எவரும் யோசித்துச் செய்வதில்லை அதை.

பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

"எந்தப் புத்தகத்தக் கும்பிட்டீங்கன்னு கொஞ்சம் பாருங்க, தலைவரே" என்றேன்.

அட்டையில் முக்காடு அணிந்த பெண் பந்தை உதைத்துக்கொண்டிருந்தாள்.

"பழக்கம் டீச்சர்" என்றார் அவர், தாழ்ந்த குரலில்.

"நல்ல பழக்கம். உங்கள வளர்த்தவங்க எந்தப் புத்தகம்னு பார்த்துக் கும்பிடச் சொல்லல. நானும் அப்படித்தான் அடுக்கியிருக்கேன். இதுங்க வெளிய போகணும்னா பதிகமும் அதே பெட்டியில போகட்டும். தூக்கிக்கிட்டு நானும் வரேன்."

சங்கக் கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம் என்று அவர் முணுமுணுத்துவிட்டுப் பெட்டியை அங்கேயே விட்டு இறங்கிப் போனார். நான் சொல்வதற்கு முன்பே அந்தப் பெண் எழுந்து வந்து, தன் கதையை எடுத்துக்கொண்டு, மற்றவற்றைப் பழைய இடங்களில் அடுக்கத் தொடங்கினாள்.

கூட்டத்திலும் இதையே சொன்னேன். அவர்கள் இன்னும் முடிவெடுக்கவில்லை, எடுக்கட்டும். ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் அங்கேதான் இருக்கிறேன். தலைவரும் எப்போதாவது எட்டிப் பார்க்கிறார். அலமாரியை நெருங்கும்போது மட்டும் தரையைப் பார்த்துக் கவனமாகக் கால் வைக்கிறார்.