சோற்றுக்கு முன் எண்ணிக்கை

சென்ற கிறிஸ்துமஸ் அன்று நண்பகலில், கருங்கல் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் குடும்ப வீட்டு முற்றத்தில் நடந்தது இது. பாட்டா இல்லாமல் வந்த முதல் கிறிஸ்துமஸ்.

பாட்டா என்று நான் சொல்வது என் அப்பாவின் அப்பாவை. எங்கள் பக்கம் தாத்தாவை அப்படித்தான் கூப்பிடுவோம். பத்தொன்பது வயதில் ராணுவத்தில் சேர்ந்து, அசாம், ராஜஸ்தான், லடாக் என்று லாரி ஓட்டி, இருபத்திரண்டு வருடம் கழித்து ஊர் திரும்பியவர். திரும்பினாரே தவிர பட்டாளத்தை விடவில்லை. சர்ச்சுக்குக் கிளம்பும் முன் குனிந்து, ஷூவில் தன் மீசை தெரிகிறதா என்று பார்ப்பார். ஆட்டைத் திட்டுவது ஹிந்தியில்தான். புதுக்கடைச் சந்தையில் நேற்று வாங்கிய ஆடாக இருந்தாலும் ஒரே வாரத்தில் அவர் ஹிந்திக்குக் கட்டுப்பட்டுவிடும்.

நாங்களும் அப்படித்தான் கட்டுப்பட்டோம். கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்து வந்ததும், குடும்பம் முழுவதும் முற்றத்தில் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். பாட்டா முன்னால் நின்று "கிந்தி கர்!" என்று முழங்குவார். எண்ணு என்று அர்த்தம். ஒவ்வொருவரும் தங்கள் எண்ணை ஹிந்தியில் கத்த வேண்டும். எண் என்பது வயதை வைத்து அல்ல. குடும்பத்தில் சேர்ந்த வரிசைப்படி. பிள்ளைகளுக்குப் பிறந்த அன்றும், மருமக்களுக்குத் தாலி ஏறிய அன்றும் எண் கிடைக்கும். அம்மா ஏழு, "சாத்". நான் பதினான்கு, "சௌதா". யாராவது பிசகினால் மறுபடி முதலிலிருந்து. எண்ணி முடிக்காமல் சோறு கிடையாது.

இதற்கு அவர் ஒரு காரணம் வைத்திருந்தார். வருடா வருடம் சொல்வார், வருடா வருடம் சிரிப்பார். லடாக்கில் ஒருமுறை வண்டிகள் நின்று கிளம்பியபோது இவர் பாறைக்குப் பின்னால் சறுக்கி விழுந்து கால் பிசகிக் கிடந்திருக்கிறார். காற்று இரைச்சலில் இவர் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. அடுத்த நிறுத்தத்தில் எண்ணிப் பார்த்தபோது ஒரு ஆள் குறைந்தது. மொத்த வரிசையையும் நிறுத்தி, ஒரு வண்டியைத் திருப்பி அனுப்பி, உறைந்துபோகும் முன்னால் இவரைத் தூக்கி வந்தார்கள். "அன்னைக்கி எண்ணல்லன்னா இன்னைக்கி நீங்க ஆருமே இல்ல, கேட்டியளா?" என்பார்.

ஜூன் மழையில், தூக்கத்திலேயே, எண்பத்தெட்டு வயதில் போய்விட்டார். நல்ல சாவு என்று ஊரே சொன்னது.

டிசம்பர் நெருங்கியபோது சித்தப்பா ஒரு பேச்சை ஆரம்பித்தார். இந்த வருடம் மட்டும் எல்லாரும் கூடுவோம், அடுத்த வருடம் முதல் அவரவர் வீட்டில் கொண்டாடிக்கொள்ளலாம் என்று. யாரும் எதிர்க்கவில்லை. எனக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. எண்ணிக்கை நடந்தால் குடும்பம் சேர்ந்து நிற்கும் என்று ஏதோ ஒரு நம்பிக்கை. "எண்ணிக்கையை இந்தத் தடவை நான் நடத்துகிறேன்" என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன்.

எனக்கு வேலை மென்பொருள் சோதனை. பட்டியல் போடாமல் கடைக்குக்கூடப் போக மாட்டேன். ஆகவே எக்செலில் போட்டேன்: பெயர், எண், ஹிந்தி உச்சரிப்பு. பாட்டா இல்லை. அவருக்கு முன்பே, நான் பிறப்பதற்கும் முன்பே இறந்துபோன அவர் மனைவி இல்லை. அக்டோபரில் பிறந்த என் சித்தப்பாவின் பேத்தி புதிது. மொத்தம் இருபத்தாறு பேர். ஒன்று முதல் இருபத்தாறு வரை இடைவெளி இல்லாமல் புதிதாக எண் கொடுத்து அனுப்பினேன். எல்லாரும் கைகூப்பும் படம் போட்டார்கள். என் தங்கையைத் தவிர ஒருவர்கூடத் திறந்து பார்க்கவில்லை என்பது முற்றத்தில்தான் தெரிந்தது.

அன்று எல்லாரும் வரிசையில் நின்றோம். குவைத்தில் இருக்கும் மாமியின் மகனை வீடியோ அழைப்பில் பிடித்து, அவன் தம்பி போனை நெஞ்சுக்கு நேராகத் தூக்கிக்கொண்டு நின்றான். மாமி என்பது அப்பாவின் அக்கா, வீட்டில் மூத்தவர், வரிசையிலும் முதல் ஆள். நான் முன்னால் போய், தொண்டையைச் செருமிக்கொண்டு, "கிந்தி கர்!" என்றேன்.

மாமி வேறு யாரோ தொடங்கக் காத்திருப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

"மாமி, ஒங்களுக்கு ஒண்ணு. ஏக் சொல்லுங்க."

"எனக்கு மூணு, தீன்லா? அறுவத்தஞ்சு வருசமா எனக்கு தீன்தான்."

அதற்குள் அப்பா "சார்" என்று பழைய எண்ணான நான்கைச் சொல்லிவிட்டார். பட்டியலைப் படித்துவந்த ஒரே ஆளான என் தங்கை, முறை வருவதற்கு முன்பே புதிய எண்ணைச் சொன்னாள். அம்மாவுக்கு இப்போது ஐந்து என்று நான் நினைவூட்டியதும் அவர் பதறி, "எனக்கு சாத் மட்டுந்தான் தெரியும் மக்கா. பாஞ்சுன்னா எனக்கு நாக்கு வராது" என்றார். குவைத்திலிருந்து இரண்டு நொடி தாமதமாக "நௌ!" என்று ஒரு குரல், யாருக்கும் பதிலாக இல்லாமல், தனியாக வந்தது.

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். இரண்டாவது முறை முயன்றோம், இன்னும் மோசம். மூன்றாவது முறை சிரிப்பும் குறைந்துவிட்டது. சோறு ஆறிக்கொண்டிருந்தது. சித்தப்பா வரிசையை விட்டு வெளியே வந்தார்.

"விடு மக்கா. பட்டாளத்துக்காரனே போயாச்சி, இனி என்னத்த பட்டாளம்? சோத்த எடுத்து வைங்கோ."

இரண்டு பேர் அவர் பின்னால் நகர்ந்தார்கள். வரிசை உடைந்தது. நான் கையில் வைத்திருந்த தாளை மடித்தேன். நான்தான் கெடுத்தேன் என்று தெரிந்தது, எங்கே கெடுத்தேன் என்று தெரியவில்லை.

மாமி கையை நீட்டினார். "ஏட்டி, அத இங்க தா."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே விரலை ஓட்டினார். "இதுல எனக்க அம்ம எங்கட்டீ?"

"இல்லாதவங்கள எடுத்துட்டேன் மாமி."

மாமிக்குக் கோபம் வரவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. "பாட்டா எண்ணும்போ எப்பிடித் தொடங்குவாரு? சொல்லு பாப்போம்."

"ஏக், தோன்னு சொல்லுவாரு. அப்புறம் நீங்க தீன்."

"அவரு ஒரு ஆளுதானே? அவருக்கு எதுக்குட்டி ரெண்டு நம்பர்?"

இருபத்தாறு வருடமாக, அவர் எண்ணிக்கையைத் தொடங்கிவைக்க அப்படிச் சொல்கிறார் என்று நினைத்திருந்தேன். முற்றத்தில் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்திருந்தார்கள் என்பது அவர்கள் முகத்தில் தெரிந்தது.

"தோ எனக்க அம்மைக்க நம்பர். அம்ம செத்த வருசம், அந்த நம்பர ஆருக்குக் குடுக்கப் போறியன்னு அப்பாட்ட கேட்டேன். பட்டாளத்துல ஒருத்தனுக்குக் குடுத்த நம்பர் அவனுக்கு மட்டுந்தான், அவ வரமுடியாட்டா நான் சொல்லிக்கிடுதேன்னாரு. அதுக்குப் பொறவு ஒரு வருசம் வுடல்ல."

சித்தப்பா படியில் கால் வைத்தபடியே நின்றார். கடைசிப் பிள்ளையான அவருக்கும் இது தெரிந்திருக்கவில்லை.

மாமி தாளை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வரிசையின் முதல் இடத்தில் போய் நின்றார். புடவை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சித்தப்பாவைப் பார்த்தார். "ஏலே, அங்க என்ன பாத்துட்டு நிக்க? ஒனக்க எடத்துக்கு வா. ஏட்டி, நீ சொல்லு."

"கிந்தி கர்!" என்றேன். இந்த முறை குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

"ஏக்!" என்றார் மாமி. ஒரு மூச்சு விட்டு, "தோ!" அடுத்த மூச்சில், பக்கத்து ரப்பர் தோட்டத்துக்கே கேட்கும்படி, "தீன்!"

"சார்!" என்றார் அப்பா. "பாஞ்ச்!" என்றார் சித்தப்பா. அம்மாவின் "சாத்" பிசகாமல் விழுந்தது. ஒன்பதுக்காக எல்லாரும் இரண்டு நொடி காத்திருந்தோம். குவைத் "நௌ" என்றது. என் முறையில் "சௌதா" என்று கத்தினேன். எண்கள் வரிசை முழுவதும் ஓடிக் கடைசியில் குழந்தையிடம் போய் நின்றன. இருபத்தெட்டுக்கு ஹிந்தி அங்கே யாருக்கும் தெரியாது. குவைத்திலிருந்து மாமியின் மகன் போனில் "அட்டாயீஸ், அட்டாயீஸ்!" என்று எடுத்துக்கொடுத்தான். குழந்தையின் அம்மா அதைக் கத்தியதும், குழந்தை திடுக்கிட்டு விழித்து அதைவிட உரக்க அழுதது.

"ஆளு ஆஜர்!" என்றார் மாமி. "செரி, இனி சோறு."

சாயங்காலம் காரில் ஏறும்போது சித்தப்பா என்னைக் கூப்பிட்டு, அடுத்த கிறிஸ்துமஸ் என்ன கிழமை வருகிறது, லீவு எப்போது எழுதிக்கொடுக்க வேண்டும் என்று கேட்டார். உடனே பார்த்துச் சொன்னேன். தனித்தனியாகக் கொண்டாடும் பேச்சை அதன்பிறகு யாரும் எடுக்கவில்லை.

அந்த எக்செல் கோப்பை அன்றே திருத்தினேன். இப்போது அதில் இருபத்தெட்டு வரிகள். முதல் இரண்டு வரிகளுக்கு நேரே "மாமி சொல்வார்" என்று எழுதியிருக்கிறேன். பட்டியல் போடும் பழக்கம் இன்னும் போகவில்லை. ஆனால் ஒரு பெயரை அதிலிருந்து எடுக்கும் முன், அந்தப் பெயருக்காகக் குரல் கொடுக்க யாராவது நிற்கிறார்களா என்று ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துக்கொள்கிறேன்.