சீட்டு ஒட்டாத வயர்

வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும், அவருக்கே மறந்துபோயிருக்கலாம். கார்களுக்கு வயரிங் பார்க்கும் அவரை எல்லோரும் டேப்பு என்றுதான் கூப்பிட்டார்கள். இன்சுலேஷன் டேப் சுருள் ஒன்று மணிக்கட்டில் வளையல் மாதிரி எப்போதும் கிடக்கும். குளிக்கும்போதாவது கழற்றுவாரா என்று மனைவியைக் கேட்டால், "அதைக் கழட்டினா கையும் கூடவே வந்துடும்னு பயம்" என்பாள்.

வேலையில் அவருக்கு ஒரே ஒரு பைத்தியம். இழுக்கிற ஒவ்வொரு வயரின் இரண்டு முனையிலும் வெள்ளை டேப்பைச் சுற்றி, அது எங்கே போகிறது என்று எழுதிவிடுவார். ஹாரன். பின்விளக்கு. விசிறி. கடைச் சுவரில் அவர் கையெழுத்திலேயே ஓர் அட்டை தொங்கியது: 'சீட்டு இல்லாத வயர் அனாதை வயர். வெட்டி எறி.' தெருவில் வயரிங் பார்க்கிற அத்தனை பேருக்கும் அது வேதவாக்கு. அதை மீறியது டேப்பு மட்டும்தான். அதுவும் ஒரே தடவை, மச்சினன் காரில்.

மச்சினன் என்றால் மனைவியின் ஒரே தம்பி. வாரம் ஐந்து நாள் பள்ளிக்கூட வேன் ஓட்டினான், ஆமைக்கே கொட்டாவி வரும் வேகத்தில். கடைசிப் பிள்ளை பெல்ட் போடும்வரை வண்டி நகராது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அதே ஆள், விமானங்கள் கைவிட்ட பழைய ஓடுதளத்துக்குத் தன் காரை எடுத்துக்கொண்டு பந்தயத்துக்குப் போவான். அங்கே மட்டும் அவனுக்கு பெல்ட் ஆகாது. "கட்டிப்போட்ட கன்னுக்குட்டி மாதிரி இருக்கு மாமா."

அந்தக் காருக்கு நைட்ரஸ் வைத்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான். டிக்கியில் ஒரு பாட்டில். அதிலிருக்கும் வாயு எஞ்சினுக்குள் போனால் பெட்ரோல் மூர்க்கமாக எரியும், கார் பேய் பிடித்த மாதிரி பாயும். கூடவே போதுமான பெட்ரோல் போகாவிட்டால் பிஸ்டன் மெழுகாய் உருகும்.

"அவனுக்கு ஒண்ணும் ஆகாம பாத்துக்குங்க" என்றாள் மனைவி. அவ்வளவுதான் சொன்னாள். டேப்பு மூன்று நாள் அந்தக் காரை விட்டு எழுந்திருக்கவில்லை.

பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ். அப்புறம் கரண்டைத் திறந்து மூடும் ரிலே. டாஷ்போர்டில் மூடி போட்ட ஒரு ஸ்விட்ச். ஆக்ஸிலேட்டரை அடிமட்டம்வரை மிதித்தால் மட்டும் தொடும் இன்னொன்று. பெட்ரோல் அழுத்தம் குறைந்தால் தானாகவே துண்டித்துவிடும் மற்றொன்று. இத்தனையும் சம்மதித்தால்தான் வாயுவும் பெட்ரோலும் சேர்ந்து திறக்கும். ஒன்று முறைத்துக்கொண்டாலும் எல்லாம் மூடிக்கொள்ளும். எல்லா வயருக்கும் சீட்டு.

பிறகு யாருக்கும் தெரியாமல், இருக்கைக்கு அடியில் ஒரு கறுப்பு வயரை இழுத்து, பெல்ட் மாட்டும் பூட்டுக்குள் இருந்த ஸ்விட்சோடு கோத்துவிட்டார். பெல்ட் போட்டால்தான் நைட்ரஸ். அதற்குச் சீட்டு எழுதினால் குட்டு உடைந்துவிடும். எழுதவில்லை.

முதல் ஞாயிறு மச்சினன் பாட்டிலைத் திறந்து, ஸ்விட்சைப் போட்டு, மிதி மிதி என்று மிதித்தான். ஒன்றும் நடக்கவில்லை. திரும்பி வந்தவனை, கூட வந்திருந்த அக்கா பிடித்துக்கொண்டாள்.

"ஊர்ப் பிள்ளைக்கெல்லாம் மாட்டிவிடுறியே, உனக்கு மாட்ட ஆள் வரணுமாடா எருமை!"

குனிந்து அவளே பெல்ட்டை இழுத்து மாட்டினாள். அடுத்த ஓட்டத்தில் கார் பறந்தது.

"அக்கா, உன் கைராசிக்கா!"

டேப்பு துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "ஆமா மாப்ள. நைட்ரஸுக்கு ஆள் தெரியும்."

இப்படியே மூன்று வருஷம் ஓடியது. ஒரு ஞாயிறு அக்காவுக்குக் காய்ச்சல், பெல்ட் மாட்டிவிட ஆள் இல்லை; அன்று நைட்ரஸ் வேலை செய்யவில்லை. அதன்பின் அவனுக்குச் சந்தேகமே இல்லை. அவளும் பந்தயத்துக்கு முன்னால் வலது கையை முந்தானையில் துடைத்துக்கொள்வாள், பூசைக்குப் போகிறவள் மாதிரி. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று டேப்பு பலதடவை வாயைத் திறந்தார். அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார்.

பிறகு ரேடியேட்டர் வெந்நீர் கொட்டி அவர் கை வெந்தது. பத்து நாள் கட்டு. அந்த நேரம் பார்த்து மச்சினன் கார் ஹாரன் ஊமையாக, பக்கத்து வயரிங் கடைக்காரரிடம் விட்டான். சனிக்கிழமை மத்தியானம் வாயெல்லாம் பல்லாக வந்து நின்றான்.

"மாமா, நைட்ரஸ் கோளாறு கெடச்சிடுச்சு! இருக்கைக்குக் கீழ ஒரு அனாதை வயர் இருந்துச்சாம். உங்க அட்டையில போட்ட மாதிரியே வெட்டிட்டு நேரா சேத்துட்டாரு. இப்ப எப்ப மிதிச்சாலும் அடிக்குது. அக்காவுக்கு நாளையிலேர்ந்து லீவு!"

டேப்பு அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால், மூன்று வருஷம் முட்டாளாக்கினீங்களா என்று கேட்பான். உள்ளே கேட்டுக்கொண்டிருப்பவளின் கைராசி போய்விடும். திங்கட்கிழமை கட்டுப் பிரித்ததும் வயரைத் திரும்பக் கோத்துவிட்டால் போயிற்று. நடுவில் ஒரே ஒரு ஞாயிறு.

"பெல்ட்டை மட்டும் போட்டுக்க மாப்ள."

"சரி மாமா" என்றான், கசப்பு மருந்துக்குச் சொல்கிற சரி.

மறுநாள் காலை ஓடுதளத்தின் கடைசியில் முன் டயர் வெடித்தது. கார் இரண்டு தடவை உருண்டது. கதவு திறந்துகொண்டது. அவன் காருக்குள் இல்லை.

பாட்டிலில் கீறல்கூட இல்லை. ஃப்யூஸ் போகவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாம் டேப்புவின் தோளைத் தட்டி, "உங்க வேலையில ஒரு குத்தமும் இல்லண்ணே" என்றார்கள். பக்கத்துக் கடைக்காரரும் சொன்னார். அவருக்கு அந்த வயர் ஞாபகமே இல்லை.

மனைவி அழுது முடித்தபின் ஒரே வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டாள். சோறு போடும்போது, துணி மடிக்கும்போது, சும்மா இருக்கும்போது. "நான் போயி மாட்டிவிட்டிருந்தா இருந்திருப்பான்." சொல்லிவிட்டு வலது கையைப் பார்ப்பாள். அடுப்பு மூட்டக்கூட அந்தக் கையை நீட்டாமல் இடது கையால் தடுமாறினாள்.

ஒரு மாதம் பார்த்தார் டேப்பு. பிறகு நசுங்கிக் கிடந்த காருக்குப் போய், இருக்கைக்கு அடியில் மிச்சமிருந்த கறுப்பு வயரை வெட்டி எடுத்துவந்து, சாப்பாட்டு மேசையில் அவள் முன்னால் வைத்தார்.

"உன் கை எதுவும் பண்ணல. நான் பண்ணினது இது."

பூட்டு, ஸ்விட்ச், எழுதாத சீட்டு, சனிக்கிழமை மத்தியானம், எல்லாவற்றையும் சொன்னார். எதையும் மிச்சம் வைக்கவில்லை. அவள் வயரைத் தொடாமல் கேட்டாள்.

"அப்ப கைராசின்னு ஒண்ணு இல்ல?"

"நீ மாட்டினதாலதான் ஓடுச்சு. அது பொய்யில்ல."

"சனிக்கிழமை வாயில என்ன வச்சிருந்தீங்க?"

டேப்பு மணிக்கட்டில் கிடந்த சுருளைத் திருகினார்.

"ஹாரனுக்குப் பேர் எழுதினீங்க. விசிறிக்கு எழுதினீங்க." வயர் பக்கம் விரலை நீட்டினாள். "இதுக்கு எழுத ஒரு பேரா கிடைக்கல?"

வயரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பதினோரு நாள் பேசவில்லை. தட்டு மட்டும் நேரத்துக்கு வந்தது. ஆனால் 'நான் போயிருந்தா' என்ற அந்த வாக்கியம் நின்றுவிட்டது. மூன்றாம் நாள் அடுப்பை வலது கையால் மூட்டினாள். கதவு ஓரமாய் நின்று அதைப் பார்த்த டேப்பு, முகம் கழுவுகிற சாக்கில் குழாயடிக்குப் போய் நெடுநேரம் நின்றார்.

பன்னிரண்டாம் நாள், கடைக்கு என்றுமே வராதவள் வந்தாள். சுவரில் அட்டை இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். முந்தானையிலிருந்து கறுப்பு வயரை எடுத்து மேசையில் வைத்தாள். ஒரு முனையில் கோணல்மாணலாக வெள்ளை டேப் சுற்றியிருந்தது. மேலே அவள் கையெழுத்து: தம்பி.

"வச்சிக்குங்க" என்றாள். "உங்களை மன்னிச்சிட்டேன்னு நினைக்காதீங்க."

"நினைக்கல."

அவள் போய்விட்டாள். டேப் மேல் எழுதினால் மை சீக்கிரம் காயாது, கை பட்டால் இழுகிவிடும். டேப்பு அன்று முழுக்க வேறு வேலை எதுவும் எடுக்கவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, மை காயட்டும் என்று உட்கார்ந்திருந்தார்.